பிள்ளைக் காம்பரா இல்லாத இடத்தில்

2022 ஜூன் 4ஆம் திகதி, திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு அருகே லெப்பைக் குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் வீட்டுப் பக்கம் நிறுத்திவைத்திருந்த காருக்குள் ஏறி விளையாடினார்கள். கதவு மூடிக்கொண்டது, உள்ளேயிருந்து திறக்கத் தெரியவில்லை. தேடி அலைந்து கண்டுபிடித்தபோது மூவருமே உயிரோடு இல்லை. மூத்த பிள்ளைக்கு ஏழு வயது. மூன்று வருடம் கழித்து, 2025 மே 18 அன்று, ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்துத் துவாரபூடி கிராமத்தில் இதே கதை நடந்தது. அங்கே இறந்தவர்கள் நான்கு பிள்ளைகள்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் யாரும் பிள்ளையைக் காரில் மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்று விட்டுப் போகவும் இல்லை. பெரியவர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள், பிள்ளைகள் தாமாக ஏறினார்கள். மூடிய வாகனத்துக்குள் வெப்பத்தால் இறக்கும் பிள்ளைகளின் கணக்கை அமெரிக்காவில் 1998 முதல் வருடா வருடம் எடுத்து வருகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 37 பேர். 2018இலும் 2019இலும் தலா 53 பேர். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெற்றோரோ பராமரிப்பவரோ மறந்துபோனதால் இறந்தவர்கள். தாமாக ஏறி அகப்பட்டவர்கள் கால்வாசி. மீதிப் பெரும்பாலோர் தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள். எச்சரிக்கைப் பிரசுரங்கள் எல்லாம் அந்த முதல் பாதியை நினைத்து எழுதப்பட்டவை: இடது காலணியைக் கழற்றிப் பின் இருக்கையில் வை, கைப்பையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வை என்று. தினமும் தனியாகக் கார் ஓட்டி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது நல்ல யோசனைதான். இலங்கையில் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் நிற்கும் வாடகை வேனுக்கு அது பொருந்தாது. இங்கே வர இருக்கும் ஆபத்து பணகுடியின் சாயலில்தான் இருக்கும். அதோடு மலைச்சரிவு வேறு சேர்ந்துகொள்ளும்.

பதுளை அடங்கும் ஊவா மாகாணத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "இங்க என்னங்க அப்படி வெயிலு?" என்பதுதான். வெல்லவாயாவிலோ மொனராகலையிலோ இருப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பெரட்டுக்குப் போக முடியாது. ஆனால் மூடிய வாகனத்தைச் சூடாக்குவது வெளிக்காற்று இல்லை, நேரே விழும் சூரிய ஒளி. கண்ணாடி வழியே அது உள்ளே போகிறது. டேஷ்போர்டும் கறுப்பு ரெக்சின் இருக்கையும் அதை வாங்கிச் சூடேறுகின்றன. அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் மெக்லாரன், நல், குவின் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளி வெப்பநிலை 22 பாகை செல்சியஸில் இருந்து 36 பாகை வரை வேறுபட்ட வெயில் நாட்களில், நிறுத்திவைத்த காருக்குள் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். குளிர்ந்த நாளானாலும் சுடும் நாளானாலும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு இறக்கி வைத்தும் பார்த்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பண்டாரவளையில் 22 பாகை என்பது சுகமான பகல். அந்தப் பகலில் வெயில் படும்படி நிறுத்திய வேனுக்குள் ஒரு மணித்தியாலத்தில் 44 பாகை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அங்கே பகல் இன்னும் சுடும். ஏறக்குறைய ஏழாம் அகலாங்கில் இருக்கும் ஊவாவில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும் மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்த வாசம் அந்தக் காற்றிலும் வெயிலிலும்தான் உண்டாகிறது. தெளிந்த வானம் அப்போது கிழமைக் கணக்கில் கிடைக்கும்.

பத்திரிகைகள் இத்தகைய மரணங்களை 'மூச்சுத்திணறி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. காரின் உட்புறம் காற்றே புகாத பெட்டி இல்லை. காற்று தீருமுன் பெரும்பாலும் வெப்பம் தன் வேலையை முடித்துவிடும். சிறுபிள்ளையின் உடல் வெப்பம் பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குத் தோலின் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. உடற்சூடு 40 பாகையைத் தாண்டினால் வெப்ப அதிர்ச்சி. 42ஐ நெருங்கினால் உறுப்புகள் செயலிழக்கும். மூச்சுத்திணறல் என்று நம்புகிறவர் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கடைக்குப் போவார். சொல் பிழைத்தால் இங்கே தடுப்பும் பிழைத்துப்போகிறது.

காரின் பின்னிருக்கைக் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டுக்குக் கீழே விரல் நுனியளவில் ஒரு சிறு நெம்பு இருக்கும், பக்கத்தில் ஒரு பிள்ளையின் படம். அதைக் கீழே தள்ளிவிட்டால் கதவை வெளியேயிருந்துதான் திறக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து பிள்ளை கதவைத் திறந்து விழுந்துவிடக் கூடாதென்று வைத்த ஏற்பாடு அது. நின்ற வண்டியில் அதுவே சிறையாகிறது. வேனின் இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு என்றால் நெம்பே தேவையில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு அந்தப் பாரம் அசையாது. 1998 கோடையில் அமெரிக்காவில் மூன்று வாரத்துக்குள் பதினொரு பிள்ளைகள் கார் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகே, 2001 செப்டெம்பரிலிருந்து, புதிய கார்களின் டிக்கிக்குள் இருட்டில் ஒளிரும் ஒரு கைப்பிடி அங்கே கட்டாயமானது. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

முச்சக்கர வண்டியில் இந்த வெப்பக் கதை இல்லை, பக்கங்கள் திறந்தவை. ஆனால் லயத்துக்குப் போகும் பாதைகள் சரிவானவை. மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர் நிறுத்தும்போது முன் டயரை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, பின் டயருக்கு ஒரு கல்லும் வைப்பார். பக்கத்து வீட்டுக்குச் சாமான் இறக்க வந்தவர் 'ஒரு நிமிஷம்தானே' என்று கல்லை மறந்துவிடுவார். கை பிரேக்கைத் தளர்த்தவோ கியரைக் கழற்றவோ ஐந்து வயதின் பலம் போதும். அப்பா செய்வதைத்தான் அவன் செய்து பார்க்கிறான். வண்டியின் ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலைப் பாத்தியின் விளிம்பு.

இவ்வளவு சொன்னாலும், இது வாகனத்தின் குற்றமும் இல்லை, வெயிலின் குற்றமும் இல்லை. தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஊவாத் தோட்டங்கள் இந்தக் கேள்விக்கு நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே ஒரு பதில் கண்டவை. அந்தப் பதிலின் பெயர் பிள்ளைக் காம்பரா.

தொடக்கத்தில் அது மலையேற முடியாத ஒரு கிழவியின் பொறுப்பில் விடப்பட்ட கொட்டகை. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு தொட்டிலை ஆட்டும் கை அடுத்த பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும். தாய்மார் காலைப் பெரட்டுக்கு முன் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டுவரும்போது ஓடி வந்து பால் கொடுப்பார்கள். துரைமாருக்குப் பிள்ளைகள் மேல் பிறந்த கரிசனையால் வந்ததில்லை இது. கொழுந்து பறிப்பது பெண்களின் கை. அந்தக் கை மலையில் இருக்க வேண்டுமானால் பிள்ளை வேறெங்காவது இருந்தாக வேண்டும். சட்டமும் இதே கணக்கைத்தான் எழுதிவைத்திருக்கிறது. 1939ஆம் ஆண்டு வந்து பின்னர் திருத்தங்கள் கண்ட மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தருகிறது. தொழில் தருபவர் பிள்ளைக் காப்பகம் வைத்திருந்தால் தலா 30 நிமிடம். வைக்காவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். அதாவது காப்பகம் இல்லாத ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தாயிடமும் ஒரு மணித்தியால உழைப்பை இழக்க வேண்டும். கட்டிக்கொடுப்பது மலிவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லிவிடுவார்.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது, தொழிலாளர் நலனைக் கவனிக்க ஒரு நிதியம் அமைந்தது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இயங்குவது அதன் வழி வந்தது. பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறின. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2015இல் உலக வங்கி அங்கீகரித்த 5 கோடி டொலர் முன்பிள்ளைப்பருவத் திட்டத்தில் தோட்ட நிலையங்களைப் புதிதாகக் கட்டவும் திருத்தவும் தனிப் பங்கு இருந்தது. குறை சொல்ல நிறைய உண்டு, சொல்லியும் வருகிறார்கள். ஆனாலும் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தாய்க்குக் கிடைக்காத ஒன்று, ஸ்பிரிங்வெளியிலோ தெமோதரையிலோ கொழுந்தெடுக்கும் தாய்க்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

இந்தப் பதில் இப்போது பொருந்தாமல் போவதற்குக் காரணம், தோட்டத்தில் குடியிருப்பவர் எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்யாததுதான். 1992இல் கம்பனித் தோட்டங்களின் பதிவுத் தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கு மேல். இன்று அதில் பாதியும் இல்லை. குடும்பங்கள் அதே லயத்தில் இருக்கின்றன. 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்தின் எட்டு இலட்சத்துப் பதினைந்தாயிரம் பேரில் சுமார் ஒன்றரை இலட்சம் பேர் மலையகத் தமிழர். வேலைதான் வெளியே போய்விட்டது: பதுளையில் புடைவைக் கடை, பண்டாரவளையில் ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, கொழும்பில் வீட்டு வேலை, குவைத், ரியாத். ஆண்களில் பலர் முச்சக்கர வண்டியும் வேனும் ஓட்டுகிறார்கள். பிள்ளைக் காம்பராவின் நேரம் இன்னமும் கொழுந்து நிறுவையின் நேரம்தான். கடை இரவு ஏழு மணிக்குப் பூட்டுவது அதற்குத் தெரியாது. லயத்து வாசலில் வண்டி நிற்கத் தொடங்கிய அதே காலத்தில் பிள்ளையைப் பார்க்க வேண்டிய கைகளும் வெளியே போயின.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாரைப் பற்றி அரசு கவலைப்பட்ட விதம் தனிக் கதை. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு நடைமுறை கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக அனுமதியில்லை என்றார்கள். பொருளாதாரம் விழுந்த 2022இல், டொலர் வேண்டியிருந்தபோது, அந்த ஐந்து இரண்டாகிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடையில் என்ன பாதுகாப்பு கூடிவிட்டது என்று யாரும் விளக்கவில்லை. அம்மம்மாவிடமும் அக்காவிடமும் விடப்பட்ட அந்தப் பிள்ளைகளை அளக்க யுனிசெப் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை கடந்த ஒரு கிழமைக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தனியாகவோ, பத்து வயதுக்குட்பட்ட இன்னொரு பிள்ளையின் பொறுப்பிலோ இருந்ததா? லயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் அம்மாமார் சிரிப்பார்கள். எட்டு வயது அக்காவின் இடுப்பில் தம்பி இல்லாத முற்றம் எங்கே இருக்கிறது?

சம்பள நாளைப் பாருங்கள். மாதம் பத்தாம் திகதியை ஒட்டி பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் ஏடிஎம் வாசலில் வரிசை நிற்கும். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வந்திருக்கும். சின்னவன் வரும் வழியெல்லாம் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக் களைத்து, பின் இருக்கையில் பையில் தலைவைத்துத் தூங்கிவிட்டான்.

"எழுப்பவா?"

"வேணாங்க, எழுப்புனா அழுவான். நீங்க காசெடுத்துட்டு வாங்க, நான் ஒரு எட்டுல அரிசி வாங்கிட்டு வந்துடுறேன். வண்டி நெழல்லதானே நிக்குது."

பத்தரைக்கு இருந்த நிழல் பதினொன்றரைக்கு அங்கே இல்லை. ஏடிஎம்மில் காசு தீர்ந்து அடுத்த வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. அரிசிக் கடைக்குப் பிறகு பாமசி. பாமசியில் நம்பர் எடுத்து நிற்க வேண்டும். இதில் யாரும் பொறுப்பில்லாதவர் இல்லை. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோ அரிசியையும் தூக்க ஒரு தாய்க்கு எத்தனை கை? தெரிந்தே விட்டுச் செல்வது என்று புள்ளிவிபரத்தில் எழுதப்படும் வகையின் உள்ளே பெரும்பாலும் இப்படி ஒரு நடுப்பகல்தான் இருக்கும். ஏசியை ஓடவிட்டு இஞ்சினை அணைக்காமல் போவதும் தீர்வில்லை. சாவி கிடக்கும் வண்டியில் எழுந்த பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் கியரும் ஏறியிறங்கும் கண்ணாடியும் இருக்கின்றன.

மறதியை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கே அது ஸ்கூல் வேனில் ஏறி வரும். 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் 2009இல் ஜீன் வைன்கார்ட்டன் எழுதி அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்ற நீண்ட கட்டுரை, பிள்ளையைக் காரில் மறந்த பெற்றோரைப் பற்றியது. மருத்துவர், போதகர், ஆசிரியர் என்று எல்லாத் தொழிலினரும் அதில் வருகிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேர்மீது வழக்கு, மற்றவர்கள்மீது இல்லை, செயலோ ஒன்றுதான். தென் புளோரிடா பல்கலைக்கழகத்து டேவிட் டயமண்ட் இதற்குத் தரும் விளக்கம் நினைவாற்றலைப் பற்றியது. வழக்கமான பாதையில் கை தானாக ஓட்டிக்கொண்டு போகும். இன்றைக்கு மட்டும் செய்ய வேண்டிய வேறு காரியம் அந்த வழக்கத்துக்குள் மூழ்கிவிடும். 2022 செப்டெம்பரில் ஜப்பானின் மகினோஹாரா நகரில் மூன்று வயதுச் சிறுமி பாலர் பாடசாலை பஸ்ஸிலேயே மணித்தியாலக் கணக்கில் விடப்பட்டு இறந்தாள். அன்று வழக்கமான சாரதி வராததால் முதிய அதிபரே ஓட்டி வந்திருந்தார். வகுப்பில் அவள் இல்லையென்று ஆசிரியைக்குத் தெரிந்தும் வீட்டுக்கு யாரும் அழைத்துக் கேட்கவில்லை. அடுத்த ஏப்ரலிலிருந்து ஜப்பானில் இத்தகைய பஸ்களில் ஒரு கருவி கட்டாயம்: இஞ்சினை அணைத்தவுடன் பஸ்ஸின் பின்கோடியில் மணி அடிக்கும், நடந்து போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். போகும் வழியில் ஒவ்வொரு இருக்கையையும் பார்த்தாக வேண்டியிருக்கும். அதே செப்டெம்பரில் கட்டாரின் அல் வக்ராவில் கேரளத்துக் குடும்பமொன்றின் நான்கு வயதுச் சிறுமி, தன் பிறந்தநாளன்று, பாலர் பாடசாலை பஸ்ஸில் இப்படியே இறந்தாள். பசறையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் போன பெண்கள் வேலை செய்வதும் வளைகுடாவின் இதே நகரங்களில்தான்.

வகுப்பில் இல்லாத பிள்ளை எங்கே என்று உடனே கேட்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். காணாமற்போனோர் தொகை நூற்றுக்கணக்கில் தொடங்கி, சில நாட்களில் பல மடங்கு இறங்கியது. அன்று காலை லயத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்று சொல்ல ஒரு பதிவும் இல்லாததுதான் காரணம். பிள்ளை விஷயத்தில் அந்தப் பதிவு ஒரு தொலைபேசி அழைப்பாக இருந்தால் போதும்.

சட்டம் என்ன செய்கிறது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்த்த 308அ பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே புறக்கணித்தாலோ கைவிட்டாலோ குற்றமாக்குகிறது. 1998இன் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மூடிய வண்டிக்குள் தனியே கிடக்கும் பிள்ளையைக் கண்டால் அழைக்கவும் வேண்டும். சாரதி வரவில்லையென்றால், பிள்ளையிருக்கும் இடத்துக்கு எட்டத்தில் உள்ள கண்ணாடியை உடைக்கவும் தயங்கக் கூடாது. ஆனால் சம்பள நாளில் அரிசி வாங்கப் போன தாயை நீதவான் முன் நிறுத்துவதால் அடுத்த மாதம் பத்தாம் திகதி எதுவும் மாறாது. கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றுபவரிடம் சட்டம் கடுமையாக இருக்கட்டும். ஸ்கூல் வேனுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்தப் பின்கோடி மணியைக் கேட்கலாம். மணி இல்லாவிட்டாலும், ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்துக் கையெழுத்திடும் ஒரு கொப்பியைக் கேட்கலாம். இத்தாலி 2018இல் சட்டம் போட்டு, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இருக்கைக்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்றது. பிள்ளைக்குத் தனி இருக்கையே இல்லாத நம் வேன்களில் அந்த வழி செல்லாது.

லயத்து முற்றத்துக்கு வேண்டியது இன்னும் எளிது. நிற்கும் வண்டி எதுவானாலும் பூட்டியிருக்க வேண்டும், ஓடாமல் டயர் கழன்று கிடக்கும் பழைய வேனும் சேர்த்து. சாவி ஆணியில் தொங்கக் கூடாது. டயருக்குக் கல் எப்போதும். பிள்ளையைக் காணோம் என்றால் அமெரிக்காவில் முதலில் நீச்சல் குளத்தையும் பிறகு கார்களையும் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே பீலித் தொட்டியும் கானும், உடனே வண்டிகளும், டிக்கியைத் திறந்தும். அயல் வீடுகளில் விசாரிப்பது அதற்குப் பிறகு.

பங்களாதேஷில் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கக் கிராமங்களில் 'ஆஞ்சல்' என்ற பெயரில் பிள்ளைப் பராமரிப்பு இடங்களைத் திறந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்று வரை மட்டும், கிழமைக்கு ஆறு நாள். முழு நாளும் திறக்கக் காசில்லை. ஆகவே தாய்மார் சமையலிலும் வயலிலும் மும்முரமாக இருக்கும், பிள்ளைகள் குளத்தில் விழும் மணித்தியாலங்களைத் தெரிந்தெடுத்தார்கள். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. ஊவாவில் கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, உத்தியோகத்தரும் இருக்கிறார். மாற வேண்டியது நேரமும் வாசலும். சம்பள நாளிலும் அதற்கடுத்த ஞாயிறிலும் டவுனுக்குப் போகும் குடும்பங்களுக்காக நிலையம் திறந்திருக்கலாம். லயத்தில் குடியிருந்து வெளியே வேலை செய்யும் தாயின் பிள்ளையையும் எந்தக் கேள்வியுமின்றிச் சேர்க்கலாம். மேலதிக நேரத்துக்கான கொடுப்பனவை யார் தருவது என்று கம்பனி கேட்கும். அந்தத் தாய் கம்பனிக்குக் கொழுந்தெடுப்பவள் இல்லாததால் பழைய கணக்கு இங்கே செல்லாது. நிதியமும் மாகாண சபையும் பகிர்ந்துகொள்ள வேண்டிய செலவு இது. நாட்சம்பளத்துக்கும் கொழுந்துக் கிலோவுக்கும் மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்கள் அடுத்த முறை இந்த மணித்தியாலங்களையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதலாம்.